வால் வெளுத்த வைகை

ஜூன் 23, ஞாயிறு

காலையிலிருந்தே மேல்காற்று. ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. மேல்காற்று அடித்தால் விமானம் பார்க்கிற எங்களுக்கு நல்ல நாள். வண்டிகள் கடல் பக்கமாக வந்து, எங்கள் அபிராமபுரத்துக்கு மேலே தாழப் பறந்து, மீனம்பாக்கத்தில் இறங்கும். மத்தியானம் கடல்காற்று திரும்பினால் இறங்குவதெல்லாம் எதிர்ப்பக்கம் போய்விடும், ஏறுவது எழுத்துப் படிக்க முடியாத உயரத்தில் போகும். அப்புறம் மொட்டை மாடியில் காக்காய்தான்.

வந்தவர்கள்: பத்மநாபன் சார், பெசன்ட் நகரிலிருந்து, தொப்பியோடு. நெடுஞ்சாலைத் துறையில் ரிடையர் ஆனவர், பேச்சில் இன்னும் ரோடு போடுகிற நிதானம். சேகர், தி. நகரிலிருந்து, ஜவுளிக்கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு. அம்மா வடாம் பிழிந்து காய வைத்திருந்தாள். சார் நாற்காலி அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கீழிருந்தே உத்தரவு.

இன்று கூடுதலாக ஒருத்தி. சுதா. தம்பி கண்ணனுக்கு முடிவாகியிருக்கும் பெண். அப்பா அம்மாவோடு டிபனுக்கு வந்தாள். கே.கே. நகரில் கணக்கு டீச்சர். நிச்சயதார்த்தம் வருகிற 12, ஆடி பிறப்பதற்குள். பெரியவர்கள் கீழே சத்திரம், சமையல்காரர் என்று பேச, இவள் படியேறி வந்து, "நானும் பார்க்கலாமா?" என்றாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

கண்ணன் பராமரிப்பில் வேலை செய்கிற கம்பெனியின் வண்டியே முதலில் வந்தது. தென்வான் ஏர்வேஸ் (இனி தெ.வா.). மலிவு டிக்கெட், சாப்பாடு கிடையாது, ஒரு துண்டு கேக்கும் தண்ணீரும். மொத்தம் மூன்றே வண்டி, மூன்றும் பழைய 737. ஆற்றுப் பெயர் வைத்திருக்கிறார்கள்: காவேரி, வைகை, பொருநை. வாலுக்கு மயில்கழுத்து நிறம், ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு. பொருநையின் உடம்பில் மட்டும் அதை முன்னால் ஓட்டிய ஏதோ ஐரோப்பியக் கம்பெனியின் அரக்குப் பட்டை அப்படியே இருக்கிறது. அதை அழிக்காமல் மேலேயே பெயரை ஒட்டிவிட்டார்கள். "உடம்பு ஒரு தறி, முந்தானை ஒரு தறி" என்பார் சேகர். அவருக்கு அது உறுத்தும். எனக்குப் பிடிக்கும்.

சுதா கேட்டாள், அப்படியானால் இது யாருடையது என்று. சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். எல்லாம் வாடகை. அயர்லாந்தில் ஒரு கம்பெனி வாங்கி வைத்திருக்கும், உலகம் முழுக்க விடும். வண்டியை மட்டும் எடுக்கலாம், பைலட்டோடும் எடுக்கலாம். குத்தகை முடிந்தால் வாலை வெளுத்து, சொன்ன இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். "அப்போ ஒண்ணுகூட சொந்தமில்லையா?" என்றாள். இல்லை. "வாடகை வீடு மாதிரி" என்று தானே சொல்லிக்கொண்டாள். கணக்கு டீச்சர்.

விதியையும் சொன்னேன். அது நான் கொண்டுவந்தது, லேபிலிருந்து. மலேரியா ஸ்லைடை ஒருத்தர் பார்த்தால் போதாது. இரண்டாவது ஆள், முதல் ஆள் என்ன பார்த்தார் என்று தெரியாமலே பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கேயும் அப்படியே. இறக்கைக்கு அடியில் இருக்கும் பதிவு எழுத்தை முதலில் படித்தவர் வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் ஆள் தானாகப் படித்துச் சொன்னால்தான் பார்த்ததாகக் கணக்கு. எங்கள் பாஷையில் சாட்சி. இதற்காகச் சேகர் மூன்று நல்ல வண்டிகளை இழந்திருக்கிறார், இன்னும் புலம்புகிறார்.

சுதா வைகையின் எழுத்துகளைச் சரியாகப் படித்தாள். முதல் தடவையிலேயே. சார் தொப்பியைக் கழற்றினார்.

ஜூன் 25, செவ்வாய்

லாரித் தண்ணீர் வரவில்லை. அடையாறுக்கு 29சி பஸ்ஸில் நின்றுகொண்டே. லேபில் புது ஃபிரிட்ஜ், பழையதை விடச் சத்தம்.

ராத்திரி சாப்பிடும்போது கண்ணன் சொன்னான்: கோயம்புத்தூரில் கம்பெனி புது பேஸ் (வண்டிகளும் ஆட்களும் தங்கும் நிலையம்) திறக்கிறதாம், இவனை அங்கே போடுகிறார்களாம், வீடும் தருவார்களாம். அம்மாவுக்கு மூஞ்சி மலர்ந்துவிட்டது. சுதாவும் கூடப் போவாள், வேலையை விட்டுவிடுவாள், பேசி ஆயிற்று. ஜூலை முதல் வாரத்துக்குள் ராஜினாமா கொடுத்தால்தான் பள்ளிக்கூடத்தில் மாற்று ஆள் போட முடியும்.

அவளுடையது அரசு உதவி பெறும் பள்ளி. நிரந்தர வேலை. கிடைக்க ஏழு வருஷம் தாற்காலிகத்தில் ஓடியவள் என்று அவள் அம்மா டிபனுக்கு நடுவில் இரண்டு முறை சொன்னாள். விட்டால் திரும்பக் கிடைக்காது.

கண்ணன் இரண்டாவது தடவை ரசம் கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பான்.

ஜூன் 27, வியாழன்

எனக்கு மத்தியான ஷிப்ட். காலையில் புடவை உலர்த்த மாடிக்குப் போனேன். பைனாகுலர் கழுத்தில், பழக்கதோஷம்.

பழைய 737 சத்தம் தொலைவிலேயே தெரியும், இரைச்சலான இரைச்சல். வந்தது. வால் வெள்ளை. மயில்கழுத்தும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. மூக்குப் பக்கம் வைகை என்ற பெயர் இருந்த இடம் மழுங்கலாக. ஜன்னல்களில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. சும்மா ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள்.

இறக்கைக்கு அடியில் படித்தேன். வி.டி. இல்லை. நம் நாட்டு வண்டி எல்லாமே வி.டி.யில்தான் ஆரம்பிக்கும். இது ஈ.ஐ. அயர்லாந்து.

ஸ்லைடில் கிருமி தெரிந்தால் எனக்கு நாக்கு உலரும். அதே மாதிரி.

சொந்தக்காரன் கேட்டு, இவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள். மூன்றில் ஒன்று போகிறது. ஒன்று போகும் கம்பெனி புது பேஸ் திறக்காது.

கீழே அம்மா மட்டும். அவளுக்குப் பக்கத்து வீட்டுக் காலண்டரே கண்ணுக்குத் தெரியாது. சாட்சி இல்லை. விதிப்படி நான் இன்று எதையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் கண்ணன் வந்தான். நகக்கண்களில் கறுப்பாகப் பசை. ஸ்டிக்கர் உரித்தால் ஒட்டுமே, அந்தப் பசை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னடா அது என்றேன். பெயின்ட் வேலை என்றான். என் கண்ணைப் பார்க்காமல் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான்.

ஜூன் 30, ஞாயிறு

மேகமூட்டம், ஆனாலும் மேல்காற்று.

சேகர் குதித்துக்கொண்டு வந்தார். நேற்று தாம்பரம் போகிற மின்சார ரயிலில் இருந்து பார்த்தாராம், மீனம்பாக்கத்தில் வால் வெள்ளையாக ஒரு தெ.வா. வண்டி. "அக்கா, புதுக் கலர் வரப் போகுது. சாயம் ஏத்தறதுக்கு முன்னால துணியை வெளுக்கணும்லா? அதான் இது."

சார் யோசித்தார். குத்தகை முடிந்தாலும் வாலை வெளுப்பார்கள், ஆனால் போன வாரம்கூட நன்றாக ஓடிய வண்டி, நடுவில் எதற்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றார். அவருக்கும் சேகர் பேச்சே சரியாகப் பட்டது. ரயிலில் இருந்து வால்தான் தெரியும், இறக்கைக்கு அடி தெரியாது.

பிறகு ஒரு மணி நேரம் கலர் விவாதம். சார்: நீலம், நம்பிக்கை தரும். சேகர்: மாம்பழ மஞ்சளில் வாடாமல்லி பார்டர், வானத்தில் எடுப்பாக இருக்கும், ஆனால் வெயிலில் வெளிறிவிடும், அதனால் அரக்கு. வால் முழுக்க ஆற்று அலை மாதிரி கோடு என்று இருவரும் ஒரு பழைய பில்லின் பின்புறம் வரைந்தார்கள். நான் காபி கலந்தேன். மனுஷர்கள் சந்தோஷமாக இருக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கண்ணன் செய்தித்தாள் தேடிக்கொண்டு மேலே வந்தான். மாடிக்கு வருகிற ஆள் இல்லை அவன். சேகர் பிடித்துக்கொண்டார், புதுக் கலர்தானே என்று. கண்ணன் ஒரு நொடி நின்றான். "ஆமா, புதுக் கலர்தான்" என்றான். பேப்பர் இங்கே இல்லை என்று இறங்கிவிட்டான்.

போகும்போது சேகர் சொன்னது: முகூர்த்தப் புடவை விலை கேட்க சுதாவின் அப்பா நேற்று சாயங்காலம் கடைக்கு வந்தாராம். அவரிடம் சொல்லிவிட்டாராம், மாப்பிள்ளை கம்பெனி அமோகமாக வளர்கிறது, விமானத்துக்கெல்லாம் புதுசாய் வர்ணம் அடிக்கிறார்கள், கவலையே வேண்டாம் என்று. அந்த மனுஷன் மகிழ்ந்து போய்விட்டாராம்.

ஈ.ஐ. என்று என் வாயில் வந்தது. ஆனால் முதல் ஆள் வாய் திறக்கக் கூடாது. அதோடு, சொல்ல வேண்டியவன் கண்ணன். அவன்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போயிற்று.

அம்மாவின் நிச்சயதார்த்த லிஸ்ட் நீள்கிறது: பருப்புத் தேங்காய்க் கூடு இரவல், மாமி வீட்டு வெள்ளிக் குடம், வாழைப்பழம் மைலாப்பூரிலா, அடையாறிலா. கண்ணன் எல்லாவற்றுக்கும் சரி என்கிறான். சிகப்பா பச்சையா என்றாலும் சரி என்கிறான்.

ராத்திரி அவன் அறை வாசலில் நின்றேன். தூங்கவில்லை, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன என்றான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். நாற்பத்திரண்டு வயசில் ஒரு கேள்வியைத் தண்ணீர்ச் செம்பாக மாற்றுகிறேன். வெட்கமாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

லேபுக்கு அரை நாள் லீவு. தி. நகர், சேகர் கடை. நிச்சயதார்த்தப் புடவை. அம்மா, நான், சுதா, அவள் அம்மா. உஸ்மான் சாலைக் கூட்டத்தில் அம்மாவின் செருப்பு அறுந்தது, ஊக்கு போட்டுச் சமாளித்தோம்.

சேகர் தன் கையாலேயே பிரித்துப் போட்டார். மயில்கழுத்தை எடுத்து, "இது பழைய வால்" என்று சிரித்தார். சுதா அதை விட்டு வெங்காயத் தோல் நிறத்தில் ஒன்று எடுத்தாள். நல்ல கண்.

பில் போடும்போது என்னைக் கண்ணாடிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"அக்கா, நாளைக்கு ஸ்கூல்ல லெட்டர் கொடுக்கணும். உங்களைக் கேக்கணும்னு தோணித்து. விட்டுடலாமா?"

"கண்ணனைக் கேட்டியோ?"

"கேட்டேன். விட்டுடுன்னார்."

"அப்புறம் என்ன" என்றேன்.

அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். பிறகு புடவைப் பையை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட். கண்ணனிடம் இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் அவனுக்கு நைட் ஷிப்ட், கிளம்பிப் போயிருந்தான்.

ஜூலை 5, வெள்ளி

லேபில் எண்ணிக்கை அதிகம், டைபாய்டு சீசன். கபாலி கோயிலுக்கு அம்மா தனியாகப் போனாள். வேறொன்றும் இல்லை.

ஜூலை 6, சனி

மேல்காற்று, பலமாக. வடாம் துணி பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில்.

கண்ணன் வீட்டில். லீவு என்றான். சவரம் செய்யவில்லை. ஒன்பது மணியிலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதும். எனக்குப் புரிந்துவிட்டது, வைகை மாதிரி இன்று இன்னொன்றையும் ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். இவனுக்கு நேரம் தெரியும்.

"மாடிக்கு வா" என்றேன்.

"எனக்கெதுக்குக்கா அதெல்லாம்? நாள் பூரா அதோடதான் மாரடிக்கறேன்."

வந்தான். கைப்பிடிச் சுவர் பக்கம் நிறுத்தி, பைனாகுலரை அவன் கழுத்தில் மாட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கீழே அம்மா யாரிடமோ வாழையிலைக்குப் பேரம். பிறகு சாந்தோம் பக்கமிருந்து அந்த இரைச்சல்.

வெறும் கண்ணுக்கே வால் வெள்ளை தெரிந்தது. பொருநை, அரக்குப் பட்டை மட்டும் உடம்பில் அப்படியே. வந்தபோது எப்படி வந்ததோ அப்படியே போகிறது.

"படி" என்றேன்.

"எனக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சா சாட்சி ஆகாது. பார்த்துச் சொல்லு."

தூக்கிப் பார்த்தான். "ஈ. ஐ." நிறுத்தினான். பிறகு மற்ற மூன்று எழுத்தையும் சொன்னான். வண்டி தலைக்கு மேலே போய், மேற்கே தென்னைகளுக்குப் பின்னால் மறைகிற வரை பைனாகுலரை இறக்கவில்லை.

அப்புறம் தண்ணீர்த்தொட்டி மேடையில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னான். வைகை போன சனிக்கிழமை ராத்திரியே கிளம்பிப் போய்விட்டது, அயர்லாந்துக் கம்பெனியின் பைலட்டுகளே வந்து ஓட்டிப் போனார்கள். இது திங்கட்கிழமை. காவேரி தீபாவளி வரை ஓடினால் அதிகம். கோயம்புத்தூர் பேஸ் என்று ஒன்று இல்லவே இல்லை, ஆட்கள் ஓடிவிடாமல் இருக்க மேலே கட்டிய கதை. யார் கேட்டாலும் புதுக் கலர் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் ஸ்டிக்கரைச் சுரண்டியது இவன்தான். வேறு இரண்டு இடத்தில் வேலைக்கு எழுதியிருக்கிறான், நிச்சயத்துக்குள் பதில் வந்துவிடும், அப்போது ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தானாம்.

"பயமா இருந்துதுக்கா. சுதா அப்பா முகத்தை நினைச்சாலே."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே நிம்மதியும். நிம்மதிதான் அதிகம். இனி இது என் தலையில் மட்டும் இல்லை.

சுதாவிடம் சொல்லச் சொல்லி அவனைத் தள்ளாத குறையாகப் போன் பக்கம் அனுப்பினேன். நான் மாடிப்படியில் நின்றேன். அம்மாவும் கை ஈரத்தோடு வந்து நின்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், திக்கித் திக்கி, ஆனால் ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "லெட்டர் கொடுத்தாச்சா?" என்று கேட்டான். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று அவன் முகமே சொல்லிவிட்டது.

நேற்றே கொடுத்துவிட்டாள். ஹெச்.எம். மேஜையில் இருக்கிறது. அவர் ஏதோ பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். பிரித்துக் கையெழுத்துப் போடுவதற்குள் போய் வாங்க வேண்டும்.

அம்மா லிஸ்டை மடித்து டப்பாவில் போட்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

இருவரும் வழக்கம்போல் வந்தார்கள். சேகர் புதுக் கலர் படம் ஒன்றைக் கெட்டிக் காகிதத்தில் வரைந்து கொண்டுவந்திருந்தார், சாயமெல்லாம் போட்டு.

எல்லாவற்றையும் சொன்னேன். சேகர் படத்தைச் சுருட்டினார். "வெளுத்தா சாயம் ஏத்தத்தான்னு நினைச்சுட்டேன். வேற எதுக்கு வெளுப்பாங்க?" பிறகு, சுதாவின் அப்பாவிடம் சொன்னது தான்தான், போய் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். கண்ணன் நேற்றே போய் வந்துவிட்டான் என்றேன். அந்த அப்பா இவனை உட்காரச் சொல்லவில்லை. சுதா சொல்லித்தான் உட்கார்ந்தான். சேகர் அப்படியும் போனார்.

சார் மட்டும் இருந்தார். பொருநைக்கு நீயும் கண்ணனும் சாட்சி, சரி. வைகைக்கு யார் என்றார். நான் மட்டும் என்றேன். "அப்ப அது கணக்குல வராதேம்மா."

அவரிடம் கோபப்பட முடியாது. விதி என்னுடையது.

ஜூலை 8, திங்கள்

லேசான தூறல், பிறகு வெயில். லேபிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன், போன் வரும் என்று.

நான்கு மணிக்கு வந்தது. சுதா. லெட்டர் கிடைத்துவிட்டதாம். ஹெச்.எம். உறையைப் பிரிக்கவே இல்லை, காலையில் வாசலிலேயே காத்திருந்து வாங்கிக்கொண்டாளாம். நல்ல வேளை என்றேன். மனதார.

"ஒண்ணு கேக்கணும்க்கா. சேகர் நேத்து வந்து சொன்னார். வெளுத்த வைகையை நீங்க எப்போ பார்த்தேள்?"

"போன மாசம். கடைசி வியாழக்கிழமை."

"அப்போ கடையில நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன். சாட்சி இல்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அவளுக்கே விதி தெரியும், நான்தானே சொன்னேன். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் வேண்டாம், ஆடி போகட்டும், அதற்குள் அப்பா மனசு ஆறினால் பார்க்கலாம் என்றாள். நாளை சாயங்காலம் கண்ணனை மட்டும் அனுப்பச் சொன்னாள். நானும் அம்மாவும் வரட்டுமா என்று கேட்டேன்.

"மாமி வரட்டும். நீங்க வேண்டாம்க்கா." பிறகு, கோபமே இல்லாமல்: "அவர் பயந்துட்டார். நீங்க பார்த்துண்டு இருந்தேள்."

வைத்துவிட்டாள்.

அம்மா கேட்டாள், என்ன சொன்னாள் என்று. லெட்டர் கிடைத்துவிட்டது என்றேன்.

நாளை: பால் கார்டு. அம்மா செருப்பு தைக்க. கண்ணன் சட்டை இஸ்திரி.

ஆறு மணிக்குத் தலைக்கு மேலே உயரத்தில் ஒன்று போயிற்று. கடல்காற்று, கிழக்கே ஏறுகிற வண்டி. சத்தத்திலேயே பழைய 737 என்று தெரிந்தது. பொருநையாக இருக்கும். மாடிக்குப் போகவில்லை.